திரையின் கோலம் கூடவே வரட்டும்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணிதம்)

ஏர் பிடித்த கைகள் ஏடு பிடித்தன. ஏடு பிடித்த கைகள் இன்று கணிப்பொறியின் மவுஸைப் பிடிக்கின்றன. எங்கள் குடும்பத்தில் இந்த இரண்டு மாற்றங்களும் என் ஒருவனிடத்திலேயே நிகழ்ந்தன. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். கணிப்பொறியை முதன்முதலில் தொட்டுப் பார்த்ததும் நம் கல்லூரி ஆய்வகத்தில்தான். ஆகவே கணிப்பொறியைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யாரேனும் கேட்டால், சொந்தக் கணிப்பொறி இல்லாததே என் தகுதி என்பேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கணிப்பொறித் திரையின் தோற்றத்தை நம் விருப்பப்படி அமைத்துக்கொள்கிறோம் அல்லவா? அதற்குத் 'தீம்' என்று பெயர். ஒரு கணிப்பொறியில் அமைத்த தீமை இன்னொரு கணிப்பொறிக்குக் கொண்டுபோவது பற்றியே எழுதப்போகிறேன். "தேர்வுக்குப் படிக்கிற நேரத்தில் திரை அலங்காரம் ஒரு கேடா?" என்று சிலர் சிரிக்கலாம். சென்ற ஆண்டு வரை நானும் அப்படிச் சிரித்தவன்தான்.

அலங்காரமா, அவசியமா?

1995ஆம் ஆண்டு விண்டோஸ் 95 வெளிவந்தபோது, 'பிளஸ்' என்ற கூடுதல் தொகுப்பு ஒன்றும் தனியாக விற்கப்பட்டது. பின்னணிப் படம், நிறங்கள், மவுஸின் அம்புக்குறி, ஒலிகள் ஆகியவற்றை ஒரே பெயரில் கட்டித் தந்த தீம்கள் அதில் இருந்தன. லியனார்டோ டா வின்சியின் பெயரில் ஒன்று, கொடிய விலங்குகளின் பெயரில் ஒன்று என்று அவை யாவும் கண்ணுக்கு விருந்து. தீம் என்றால் பொழுதுபோக்கு என்ற எண்ணம் வேரூன்ற இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் அதே விண்டோஸில் வேறொரு வகைத் தீமும் உண்டு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தும் மஞ்சள் எழுத்துமாக, படம் ஏதுமின்றி இருக்கும். 'ஹை கான்ட்ராஸ்ட்' என்பது அதன் பெயர். பார்வைக் குறைவு உள்ளவர்களுக்காக அமைக்கப்பட்டது. அதைப் பார்க்கிறவர்கள், "என்னப்பா, கணிப்பொறி கெட்டுப்போச்சா?" என்று கேட்பார்கள். அது இல்லாவிட்டால் வேலையே செய்ய முடியாத ஒருவனை நான் அறிவேன். அவன் என் வகுப்புத் தோழன்.

பிறவியிலிருந்தே அவனுக்குப் பார்வை குறைவு. வகுப்பில் முதல் பெஞ்சில் அமர்வான். கரும்பலகையில் எழுதுவதைக் காதால் கேட்டே எழுதிக்கொள்வான். கணக்கில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரன். ஆனால் கணிப்பொறியின் வெள்ளைத் திரைக்கு முன் உட்கார்ந்தால் அவன் கண்களில் நீர் வழியும். அம்புக்குறி எங்கே இருக்கிறதென்று தேடியே களைத்துப்போவான்.

நம் ஆய்வகத்தில் யாருக்கும் நிரந்தரமான இருக்கை கிடையாது. கிடைத்த கணிப்பொறியில் உட்கார வேண்டும். அணைத்துப் போட்டால் ஒவ்வொன்றும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஆகவே ஒவ்வொரு செய்முறை வகுப்பிலும் அவன் முதலில் நிறத்தை மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, அம்புக்குறியைப் பெரிதாக்கிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவான். அதற்குள் பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். நாங்கள் பைத்தானில் ஒரு கணக்கை முடித்திருப்போம். அவன் அப்போதுதான் தன் திரையைக் கண்ணால் காண்பான்.

நான் செய்த பிழை

"இதை ஒரு தடவை செஞ்சு, சேமிச்சு வச்சுக்கிட்டா எல்லா மெஷினுக்கும் கொண்டு போகலாமே" என்று நான்தான் சொன்னேன். ஒரு நாள் மாலை இருவரும் உட்கார்ந்து அவன் கண்ணுக்கு இதமான நிறங்களைத் தேர்ந்தெடுத்தோம். கறுப்புத் தரை, இளமஞ்சள் எழுத்து. அம்புக்குறிக்காக இணையத்திலிருந்து பெரிய மஞ்சள் அம்பு ஒன்றை இறக்கி, அந்தக் கணிப்பொறியின் 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையில் வைத்தேன். எல்லாவற்றையும் தீமாகச் சேமித்தேன். அந்தத் தீம் கோப்பை மட்டும் நகலெடுத்துக்கொண்டேன். சில கிலோபைட்டுகளே இருந்தது. "இவ்வளவு சின்ன கோப்புக்குள்ள உன் திரையே அடங்கிடுச்சுடா" என்று பெருமை பேசினேன். அதை வேறொரு கணிப்பொறியில் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பருவத் தேர்வின் செய்முறை நாள் வந்தது. கணிப்பொறிகளைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்கினார்கள். ஆய்வகப் பொறுப்பாளர் பெரிய மனத்துடன் எங்கள் கோப்பை அவன் கணிப்பொறியில் ஏற்ற அனுமதித்தார். இரண்டு முறை சொடுக்கினான். திரை கறுத்தது, எழுத்து மஞ்சளானது. ஆனால் அம்பு மட்டும் பழைய சிற்றம்பாகவே நின்றது. எழுத்தின் அளவும் மாறவில்லை. பெரிய அம்பு வரும் என்று நம்பி வந்தவன், அது எங்கே என்று திரையெல்லாம் தேடினான். பிறகு எல்லாவற்றையும் கையால் அமைத்துக்கொண்டு தொடங்கினான். இரண்டு நிரல்களில் ஒன்றுதான் முடிந்தது. இரண்டாவதை எழுதினான், இயக்கிப் பார்க்க நேரமில்லை.

வெளியே வந்தவன் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. "விடுடா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றான். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது?

அன்று மாலையே அந்தத் தீம் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்புதான் அது. நிறங்கள் இருந்த பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 0 முதல் 255 வரையிலான எண்கள் இருந்தன. எண்கள் கோப்பிலேயே இருந்ததால் நிறம் எங்கே போனாலும் கூடவே போகும். அம்புக்குறி இருந்த இடத்திலோ அம்பு இல்லை. அம்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற முகவரிதான் இருந்தது. அந்த முகவரியோ பழைய கணிப்பொறியின் டாக்குமெண்ட்ஸ். புதிய கணிப்பொறியில் அந்த முகவரியில் யார் இருப்பார்கள்? எழுத்தின் அளவைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. அதைத் தனியாகத்தான் அமைக்கவேண்டும்.

என் நண்பனுக்கு நான் கொடுத்தது பொருளை அன்று, முகவரியை. பின்னணிப் படத்திற்கும் இதே கதிதான். படம் வைத்த தீமை இப்படிக் கொண்டுபோனால், போன இடத்தில் படம் வராது. இதற்காகவே 2009இல் வந்த விண்டோஸ் 7, 'தீம்பேக்' என்னும் பொதியைக் கொண்டுவந்தது. பகிர்வதற்காகச் சேமி என்று கட்டளையிட்டால் தீம் கோப்பும் படங்களும் ஒரே பொதியாகக் கட்டப்பட்டுவிடும். லினக்ஸிலும் இந்தப் பாடம் உண்டு. அங்கே தீம் என்பது ஒரு கோப்புறை; அமைப்புகளில் பதிவாவது அதன் பெயர் மட்டுமே. பெயரை மட்டும் கொண்டுபோய்க் கோப்புறையை விட்டுவிட்டால் பழைய தோற்றமே மிஞ்சும்.

தமிழர்களாகிய நமக்கு இந்தத் துன்பம் புதிதன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன், ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. ஓரிடத்தில் தமிழாக இருந்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். கடிதம் எழுத்துருவின் பெயரைச் சொன்னதே தவிர எழுத்துருவைச் சுமந்து செல்லவில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பொதுக் குறியீடுகள் வகுக்கப்பட்டதும், 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டதும் இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான். எல்லோருக்கும் பொதுவான ஒன்றைச் சார்ந்திருந்தால்தான் எந்தப் பொருளும் ஊர் விட்டு ஊர் போய் வாழும்.

நாங்கள் கண்ட தீர்வும் அதுதான். விண்டோஸ் உள்ள ஒவ்வொரு கணிப்பொறியிலும் அம்புக்குறிகளுக்கென்றே ஒரு கோப்புறை, விண்டோஸின் உள்ளேயே இருக்கிறது. அதில் பெரிய வெள்ளை அம்பும் உண்டு. மஞ்சள் அம்பை விட்டுவிட்டு அந்த வெள்ளை அம்பையே தீமில் குறித்தோம். அதன் முகவரி, 'விண்டோஸ் எங்கே நிறுவப்பட்டிருக்கிறதோ அங்கே' என்று பொதுவாகவே எழுதப்படுகிறது. இம்முறை நான்கு கணிப்பொறிகளில் சோதித்தோம். நான்கிலும் நிறமும் வந்தது, அம்பும் வந்தது. எழுத்தின் அளவை மட்டும் அவனே மாற்றிக்கொள்கிறான். பதினைந்து நிமிட வேலை இரண்டு நிமிடத்தில் முடிகிறது.

எதிர்க்கருத்தும் விடையும்

"மாணவர்கள் கண்ட கோப்புகளையும் கொண்டுவந்தால் வைரஸ் வந்துவிடும்" என்று நம் ஆசிரியர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. தீம் கோப்பில் பின்னணிப் படத்தின் முகவரியாக அயலான் ஒருவனின் கணிப்பொறியைக் குறித்துவைத்து, அதன் வழியே கடவுச்சொல் விவரத்தைக் கறக்க முடியும் என்று 2020இல் வெளிப்பட்டது. 2023இல் தீம் கோப்பைத் திறந்தாலே தீய நிரல் இயங்கக்கூடிய ஓர் ஓட்டை கண்டறியப்பட்டு அடைக்கப்பட்டது. விண்டோஸின் கணினிக் கோப்பையே மாற்றச் சொல்லும் தீம்களும் இணையத்தில் உலவுகின்றன. அவற்றைக் கண்டால் நாம் ஓடத்தான் வேண்டும்.

ஆனால் இதற்கு மருந்து கதவை அடைப்பதா, வருகிறவரைப் பார்த்து உள்ளே விடுவதா? நான் கேட்பது ஒன்றே ஒன்று. பார்வைக் குறைவுள்ள மாணவருக்குத் தேவையான தீமை ஆய்வகப் பொறுப்பாளரே நோட்பேடில் ஒருமுறை படித்துப் பார்த்து, ஒவ்வொரு கணிப்பொறியிலும் நிலையாக வைத்துவிடட்டும். அணைத்தாலும் அழியாதபடி வைக்கட்டும். பென் டிரைவும் வேண்டாம், பதிவிறக்கமும் வேண்டாம். செலவு ஒரு காசும் இல்லை. தேர்வு நாளில் அதைச் சரிபார்ப்பதையும் ஆயத்த வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால் போதும்.

நண்பர்களே! உங்களுக்கும் ஒரு சொல். நீங்கள் தீம்களைப் பகிர்வதை நான் தடுக்கவில்லை. ஆனால் பகிரும்போது முழுவதையும் பகிருங்கள். படம் இருந்தால் பொதியாகக் கட்டிக் கொடுங்கள். வேறொரு கணிப்பொறியில் சோதித்த பிறகு கொடுங்கள். "என் மெஷின்ல நல்லாத்தான் இருந்துச்சு" என்ற விடை, தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு உதவாது. பிறர் எடுத்த படத்தைச் சேர்க்கும்போது அவர் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முடிவாக

என் தந்தையார் கொத்தனார். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறார். எந்த வீடும் அவருடையதன்று. ஆனால் எந்த வேலைக்குப் போனாலும் கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு மூன்றும் அவர் பையில் கூடவே போகும். "இடம் யாரோடதா இருந்தா என்னப்பா, கைக்குப் பழகின சாமான் கூட இருக்கணும்" என்பார்.

சொந்தமாகக் கணிப்பொறி வைத்திருப்பவர், திரையை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடலாம். ஊர்க் கணிப்பொறிகளில் படிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கோ தினம் ஒரு இடம், தினம் ஒரு திரை. அதிலும் கண் பார்வை குறைந்த ஒருவனுக்கு அந்தச் சிறு கோப்பு, கொத்தனாரின் ரசமட்டம் போன்றது. அடுத்த செய்முறைத் தேர்வில் என் நண்பன் எந்தச் சீட்டை எடுத்தாலும், எந்தக் கணிப்பொறியில் உட்கார்ந்தாலும், அவனுடைய கறுப்புத் திரை அவனுக்காகக் காத்திருக்கவேண்டும். இரண்டு நிரல்களையும் அவன் இயக்கிப் பார்த்துவிட்டு வெளியே வரவேண்டும். ஆசிரியப் பெருமக்கள் ஆவன செய்வார்கள் என்று நம்புகிறேன்.