ஷிஃப்ட்டுக்குப் போகும் வீட்டில் நகை எங்கே இருக்க வேண்டும்? பெட்டகம் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை 5.30 மணிக்கே பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கம் கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இதே காட்சிதான். கணவருக்கு முதல் ஷிஃப்ட், மனைவிக்கு ஜெனரல் ஷிஃப்ட், பிள்ளைகளுக்குப் பள்ளி என்று எல்லோரும் கிளம்பிப் போனால், மாலை வரை வீட்டு வாசலில் பூட்டுதான் தொங்கும். எத்தனை மணிக்கு யார் வருவார், யார் போவார் என்பது தெருவுக்கே தெரியும்.

வீட்டுக்குள் பீரோவில், மாதாமாதம் சீட்டு கட்டிச் சேர்த்த நகை, மனைப் பத்திரம், சான்றிதழ்கள். 2025 அக்டோபரில் சென்னையில் ஒரு சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. ஐந்து சவரன் செயின் என்பது பலருக்கு ஒரு வருடச் சம்பளத்தைவிட அதிகம். "ஆன்லைன்ல ஒரு லாக்கர் வாங்கி வெச்சிடலாமா?" என்ற பேச்சு பல வீடுகளில் எழுவது இதனால்தான்.

வாங்கலாம். ஆனால் எதை வாங்குகிறோம் என்பதைவிட அதை எப்படிப் பொருத்துகிறோம் என்பதே முக்கியம்.

எல்லாமே வீட்டில் வேண்டாம்

முதலில் நகையை இரண்டாகப் பிரியுங்கள். தினமும் போடுவது, மாதம் ஒருமுறை விசேஷத்துக்கு எடுப்பது வீட்டில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் நகைக்கு வங்கி லாக்கர்தான் நல்லது. ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்கு வங்கி நேரம் ஒத்துவராது, இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கியும் கிடையாது என்பது உண்மையான சிரமம். அதனாலேயே இந்தப் பிரிவினை தேவைப்படுகிறது.

வங்கி லாக்கர் என்றால் முழுப் பாதுகாப்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. கொல்கத்தாவில் வாடகை கட்டியிருந்தும் ஒருவரின் லாக்கரை வங்கி உடைத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. லாக்கர் விஷயத்தில் வங்கி பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும், ரிசர்வ் வங்கி ஆறு மாதத்தில் விதிகளை வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்த விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

அவற்றின்படி தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு ஏற்பட்டால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு. ஆண்டு வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். இன்றைய விலையில் அது மூன்று சவரனுக்குக்கூடக் காணாது. வெள்ளம், நிலநடுக்கம், இடி போன்ற இயற்கைச் சீற்றத்தால் வரும் இழப்புக்கு வங்கி பொறுப்பாகாது. வாடகை தொடர்ந்து மூன்று ஆண்டு கட்டாவிட்டால் லாக்கரை உடைக்கவும் வங்கிக்கு உரிமை உண்டு. எனவே நாமினி பெயர் பதிந்திருக்கிறதா, வாடகை கட்டியாகிவிட்டதா என்பதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பீரோ லாக்கர் பெட்டகம் ஆகாது

பீரோவுக்குள் இருக்கும் சின்ன லாக்கர், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கத்தான் உதவும். மெல்லிய தகடு, சிறிய கடப்பாரைக்கே வளைந்துவிடும். அரிசி டப்பா, பூஜை அலமாரி, லாஃப்ட் சூட்கேஸ் எல்லாம் திருடர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடங்கள்தான்.

பெட்டகம் வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

* தகட்டின் தடிமன்: கதவு எத்தனை மில்லிமீட்டர், உடம்பு எத்தனை மில்லிமீட்டர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மலிவான பெட்டிகளில் கதவு தடிமனாகவும் பக்கங்கள் மெல்லியதாகவும் இருக்கும்.
* பூட்டு: மின்காந்தத்தால் இயங்கும் சாதாரண பூட்டைவிட, சின்ன மோட்டாரால் தாழ்ப்பாள் நகரும் பூட்டு நம்பகமானது. தாழ்ப்பாள் தண்டுகள் இரண்டுக்கு மேல் இருந்தால் நல்லது.
* துளைகள்: பின்புறமும் அடியிலும் போல்ட் போட வசதியாக முன்கூட்டியே துளையிடப்பட்டிருக்க வேண்டும். இது இல்லாத பெட்டியை வாங்க வேண்டாம்.
* தரச் சான்று: பெட்டகங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 550. வீட்டு உபயோகத்துக்கான சின்ன டிஜிட்டல் பெட்டிகள் பலவற்றுக்கு அந்தச் சான்று இருக்காது. இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.
* தீ: 'டிஜிட்டல்' என்று எழுதியிருந்தால் தீயைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. எத்தனை நிமிடம் தாங்கும் என்ற சான்று தனியாக இருக்க வேண்டும். தங்கம் உருக 1,064 டிகிரி செல்சியஸ் வேண்டும். பத்திரக் காகிதமோ அதில் கால் பங்கு வெப்பத்திலேயே கருகிவிடும்.

பொருத்துவதில்தான் பாதுகாப்பு

வீடுகளுக்கு விற்கும் சின்னப் பெட்டகங்கள் பல 10 முதல் 15 கிலோ எடைதான். போல்ட் போடாமல் அலமாரியில் வைத்தால், திருட வருபவர் அதைத் திறக்கவே வேண்டாம், தூக்கிக்கொண்டு போய்விடலாம். வீட்டில் உள்ள மதிப்பான பொருளையெல்லாம் ஒரே பெட்டியில் கட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும்.

எந்தச் சுவர் என்பதை முதலில் பாருங்கள். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் என்றால் 10 எம்.எம். ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடிக்கும். நாலரை இஞ்ச் தடுப்புச் சுவர் வேண்டாம். இந்தப் பகுதியில் புதிதாக எழும் வாடகைக் குடியிருப்புகள் பலவற்றில் ஹாலோ பிளாக் சுவர்தான். அதில் ஆங்கர் போல்ட் விரியும்போது பிளாக்கின் மெல்லிய ஓடு உடைந்துவிடும். அங்கே கான்கிரீட் பில்லர் பக்கமோ, தரைத்தளமாக இருந்தால் தரையிலோ போல்ட் போடலாம். மேல்தளத் தரையில் கரன்ட் குழாய்கள் போகக்கூடும், எலக்ட்ரீஷியனிடம் கேட்காமல் துளையிடாதீர்கள். பாத்ரூமை ஒட்டிய சுவரில் தண்ணீர்க் குழாய் இருக்கும், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

கடப்பா கல் ஷெல்ஃபில் போல்ட் போட்டால் கல் விரிசல் விடும். மர வாட்ரோபுக்குள் வைத்தால், போல்ட் பிளைவுட்டைத் தாண்டிச் சுவருக்குள் போக வேண்டும். பிளைவுட்டில் மட்டும் ஸ்க்ரூ போட்டால் பலகையோடு பெயர்த்துவிடுவார்கள். நட்டுகள் எல்லாம் பெட்டியின் உள்பக்கம்தான் இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் ஒழியக் கழற்ற முடியாது.

உயரமும் முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்தை இந்த ஏரிப் பகுதி மறக்காது. வெள்ளம் ஏறும் தெரு என்றால் தரையோடு ஒட்டி வைக்காமல் சுவரில் மேலே பொருத்துங்கள். பத்திரங்களை ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றையும் வைத்துவிடுங்கள்.

வாடகை வீடு என்றால்?

"சுவத்துல நாலு ஓட்டை போட்டுக்கலாமாக்கா? காலி பண்றப்ப நாங்களே பூசிக் கொடுத்துடறோம்" என்று ஹவுஸ் ஓனரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அவர் சரி என்று சொன்னதை வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாகவும் வாங்கி வைத்தால், அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போது தகராறு வராது.

விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கு இந்த வழியே கிடையாது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட குடியிருப்பில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். பலர் சேர்ந்து தங்கும் அறையில் நகை வைக்காமல் இருப்பதே நல்லது. ஊரில் அம்மா பெயரோடு சேர்த்து ஒரு வங்கி லாக்கர் எடுக்கலாம். சான்றிதழ்களின் நகலை டிஜிலாக்கரில் வைத்துக்கொள்ளலாம்.

பொருத்திய பிறகு செய்ய வேண்டியவை

பெட்டகத்தோடு வரும் ரகசிய எண்ணை அன்றே மாற்றுங்கள். பிறந்த நாள், வண்டி எண் வேண்டாம். பேட்டரியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பேட்டரி தீர்ந்தால் திறக்க உதவும் அவசரச் சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுபவர்கள் உண்டு. பீரோவில் தொங்கவிடுபவர்களும் உண்டு. அது அம்மா வீட்டிலோ, நம்பிக்கையான உறவினரிடமோ இருக்கட்டும். கணவன், மனைவி இருவருக்கும் எண் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் பூட்டை உடைக்கும் நிலை வரக் கூடாது.

ஒவ்வொரு நகையையும் போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவும், இன்ஷூரன்ஸ் கேட்கவும் இதுதான் ஆதாரம். வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி முக்கியமாகத் தீ, வெள்ளம், புயல் போன்றவற்றுக்கானது. அப்படி ஒரு சம்பவம் நடந்த ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே அதில் இழப்பீடு உண்டு. பூட்டிய வீட்டில் சாதாரணமாக நடக்கும் திருட்டுக்குத் தனிப் பாலிசி வேண்டும். நகையையும் அதில் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

எந்தப் பெட்டகமும் திருட்டை முழுதாகத் தடுத்துவிடாது. திறக்கவும் பெயர்க்கவும் ஆகும் நேரத்தைக் கூட்டும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் விளக்கு எரியவும், தெருவில் ஒருவர் எட்டிப் பார்க்கவும் அந்த நேரம் போதும். கொத்தனாரோ டிரில்லிங் ஆளோ வேலை முடித்துக் கிளம்பும் முன், பெட்டகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். ஆடினால், பணம் கொடுக்கும் முன்பே மறுபடி முடுக்கச் சொல்லுங்கள்.