நின்றுபோன டிராம்

நெமிலிச்சேரி நிலையத்தில் மின்சார இரயிலுக்காகக் காத்திருக்கும் மாணவன், இருப்புப்பாதைக்கு மேலே ஒரு கம்பி செல்வதைக் காண்பான். இரயில் வருங்கால், அதன் கூரைமேல் உள்ள சட்டம் அக்கம்பியைத் தொட்டுக்கொண்டே வரும். கம்பியினின்று பெறும் மின்னாற்றலே வண்டியை இயக்குகின்றது. முன்னொரு காலத்தில் சென்னை மாநகரின் வீதிகளிலும் இவ்வாறே வண்டிகள் ஓடின. அவை டிராம் வண்டிகள் எனப்பட்டன.

இந்திய நாட்டில் முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது கடற்கரை நகராகிய சென்னையிலேயே ஆகும். அது 1895-ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிற்று. முதலில் மின்கம்பியைத் தரைக்கு அடியில் அமைத்தனர். பெருமழைக் காலத்தில் வெள்ளம் புகுந்து இடர் விளைத்தமையால், பின்னர்க் கம்பியை மேலே கட்டினர். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, இராயபுரம், புரசைவாக்கம் முதலிய பகுதிகளை டிராம் இணைத்தது. புகையும் கரியும் இன்றி அது மக்களைச் சுமந்து சென்றது.

காலம் செல்லச் செல்ல வண்டிகளும் தண்டவாளங்களும் பழமையுற்றன. பேருந்துகள் பெருகின, 1947-ஆம் ஆண்டு முதல் அவற்றை அரசே நடத்தத் தலைப்பட்டது. டிராம் நிறுவனமோ நட்டத்தில் ஆழ்ந்தது. 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டிராம் அடியோடு நின்றது. அதனையே நம்பி வாழ்ந்த தொழிலாளர் வேலை இழந்தனர்.

பழையன கழிதல் இயல்பே என்று சிலர் கூறுவர். தண்டவாளத்தை விட்டு விலக இயலாத டிராமினும், எவ்வீதியிலும் செல்லும் பேருந்தே சிறந்தது என்பது அவர் கருத்து. அதில் உண்மை உண்டு. ஆயினும், பழுதுற்றது வண்டியே அன்றி மின்சாரம் அன்று. பம்பாயில் 1962 முதல் 1971 வரை, தண்டவாளம் வேண்டாத டிராலிப் பேருந்துகள் மேற்கம்பியின் ஆற்றலால் ஓடின. அவையும் நிலைக்கவில்லை. பின்னர், நகரங்களின் காற்று புகையால் மாசுற்றது. 2025-ஆம் ஆண்டில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் மின்கலத்தால் ஓடும் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. ஒருகால் கைவிட்ட மின்சாரத்தையே நகரம் மீண்டும் நாடிற்று.

பொதுப்பொருள் ஒன்று அழிந்தபின் அதற்காக இரங்குதல் எளிது. அஃது இயங்கும்போதே பேணுதல் அன்றோ அறிவுடைமை? ஆட்சியாளர் உரிய காலத்தில் பொருள் ஒதுக்கிப் பழுது நீக்குதல் வேண்டும். பயணம் செய்வோர் சீட்டு வாங்கிச் செல்லுதலும், இருக்கைகளைச் சிதைக்காதிருத்தலும் வேண்டும். நெமிலிச்சேரி நிலையத்தில் ஏறும் மாணவனுக்கும் இக்கடமை உண்டு. அவன் இன்று காக்கும் வண்டியே நாளை அவன் தம்பி தங்கையரைப் பள்ளிக்குக் கொண்டு செல்லும்.