டெலவேரின் வட்ட எல்லை: நிலத்தில் சமரசம், ஆற்றில் வழக்கு

அமெரிக்க மாநிலங்களின் எல்லைக்கோடுகள் பெரும்பாலும் இரண்டே வகை. ஆற்றோடு நெளிந்து போவது ஒன்று. அளவுகோல் வைத்து இழுத்தது மற்றொன்று. கிழக்குக் கடற்கரையில் உள்ள டெலவேர் மாநிலத்தின் வடக்கு எல்லை இந்த இரண்டிலும் சேராது. டெலவேரைப் பென்சில்வேனியாவிடமிருந்து பிரிக்கும் அந்தக் கோடு ஒரு வட்டத்தின் வில். நியூகாசில் என்ற சிற்றூரில் இருக்கும் பழைய நீதிமன்றக் கட்டடத்தின் உச்சி மாடத்தை மையமாகக் கொண்டு, 12 மைல் ஆரத்தில் போட்ட வட்டம் அது. அந்த நாட்டில் வேறெந்த மாநில எல்லையும் இப்படி வட்டமாக வரையறுக்கப்படவில்லை.

டெலவேர் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு ஜோ பைடனின் பெயர் நினைவுக்கு வரலாம். தொழில் உலகில் இருப்பவர்களுக்கு நிறுவனப் பதிவு நினைவுக்கு வரும். சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-ல் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானபோது, சட்டத்தின் கண்ணில் அது டெலவேர் நிறுவனம்தான். இத்தனை நிறுவனங்கள் நம்பிப் பதிவு செய்யும் மாநிலத்துக்குத் தன் எல்லையை முழுமையாக உறுதி செய்துகொள்ள 250 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்தக் கதையில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. நிலத்தில் அந்த வட்டத்தை மக்களின் வழக்கத்துக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள், சண்டை ஓய்ந்தது. ஆற்றில் பழைய பத்திரத்தின் சொல்லை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள். வழக்கு 2008 வரை நீண்டது.

தொடக்கம் ஒரு கடன் பாக்கி. கடற்படைத் தளபதி சர் வில்லியம் பென்னுக்கு இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் தர வேண்டியிருந்தது 16,000 பவுண்டு. தளபதி இறந்த பிறகு, அவருடைய மகன் வில்லியம் பென் பணத்துக்குப் பதில் அமெரிக்காவில் நிலம் கேட்டார். 1681 மார்ச் 4 அன்று பென்சில்வேனியா அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. ஆனால் டெலவேர் ஆற்றின் மேற்குக் கரையில் இருந்த நியூகாசில், அரசரின் தம்பி யார்க் கோமகனின் கட்டுப்பாட்டில் இருந்தது. 1651-ல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1654-ல் சுவீடன்காரர்கள் அதைப் பிடித்தார்கள். மறு ஆண்டே டச்சுக்காரர்கள் மீட்டார்கள். 1664-ல் ஆங்கிலேயர் வந்தார்கள். இப்படிக் கைமாறி வந்த ஊரைப் புதிய குடியேற்றம் நெருங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் சுற்றிலும் 12 மைல் இடைவெளி விடப்பட்டது. அந்த மண்ணில் காலங்காலமாக வாழ்ந்துவந்த லெனாபே மக்களை இந்தக் கணக்கு எதிலும் யாரும் கேட்கவில்லை.

லண்டனில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு வட்டம் வசதியாக இருந்தது. மலை எங்கே, ஓடை எங்கே என்று எதுவும் தெரியாமலே, ஒரு புள்ளியும் ஒரு தொலைவும் சொன்னால் எல்லை தயார். ஆனால் அந்த வாக்கியத்தையும் அவர்கள் சரிபார்க்கவில்லை. வட்டம் வடக்கும் மேற்குமாகச் சென்று அட்சரேகையின் நாற்பதாவது பாகை தொடங்கும் இடத்தைத் தொட வேண்டும், அங்கிருந்து எல்லை நேராக மேற்கே போக வேண்டும் என்று சாசனம் சொன்னது. தொடக்கம் என்பதை 39 பாகை என்று வைத்தாலும் சரி, 40 பாகை என்று வைத்தாலும் சரி, அந்த வட்டம் அதைத் தொடவே தொடாது. முதல் கோடு வட்டத்தின் தென்கோடிக்கும் வெகு தெற்கே கிடக்கிறது. இரண்டாவது அதன் வடகோடிக்கும் வடக்கே போகிறது. மேரிலாந்தின் உரிமையாளர்களான கால்வெர்ட் குடும்பத்தார் 40 பாகை வரை தங்களுடையது என்றார்கள். அதை ஒப்புக்கொண்டிருந்தால் பென் உருவாக்கிய பிலடெல்பியா நகரமே அவர்கள் கைக்குப் போயிருக்கும்.

பென்னுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவருடைய மாநிலத்துக்குக் கடல் வாசல் இல்லை. ஆற்றின் முகத்துவாரம் வேறொருவர் கையில் இருந்தால் பிலடெல்பியாவின் வணிகம் என்னாவது? 1682 ஆகஸ்ட்டில் யார்க் கோமகனிடமிருந்து நியூகாசிலையும் அதைச் சுற்றிய 12 மைல் வட்டத்தையும், தெற்கே கடல் வரையுள்ள நிலத்தையும் வாங்கிக்கொண்டார். வட்டத்தின் இரு பக்கமும் இப்போது ஒரே உரிமையாளர். எல்லை என்பது வெறும் மாவட்டப் பிரிவாக இளைத்துப்போனது.

அதனால்தான் 1701-ல் அதை அளந்தபோது யாரும் நுணுக்கம் பார்க்கவில்லை. ஐசக் டெய்லர், தாமஸ் பியர்சன் என்ற இரு நில அளவையாளர்கள் சங்கிலியும் திசைகாட்டியும் கொண்டு காட்டுக்குள் நடந்தார்கள். மரங்களில் வெட்டுக்குறி போட்டு எல்லையைக் காட்டினார்கள். மரம் விழுந்தால் எல்லையும் விழும் என்ற நிலை. அதே 1701-ல் பென் தந்த உரிமைச் சாசனம் கீழ் மாவட்டங்கள் எனப்பட்ட இன்றைய டெலவேர்ப் பகுதி தனிச் சட்டசபை வைத்துக்கொள்ள வழிவிட்டது. 1704-ல் அந்தச் சபை தனியே கூடியது. ஆளும் குடும்பம் ஒன்றாக இருந்ததால் அப்போதும் கோடு யாரையும் உறுத்தவில்லை.

உறுத்தியது மேரிலாந்துப் பக்கம். 1732-ல் இரு குடும்பங்களும் உடன்பாடு எழுதிக்கொண்டன. எழுதிய கையோடு அதன் பொருளைப் பற்றிச் சண்டையும் பிடித்தன. பன்னிரண்டு மைல் என்றால் எது பன்னிரண்டு மைல்? ஆரம் என்றது பென் தரப்பு. சுற்றளவு என்றது கால்வெர்ட் தரப்பு. சுற்றளவு என்று கொண்டால் ஆரம் இரண்டு மைலுக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். விடுபடும் நிலம் மேரிலாந்துக்கு மிச்சம். வழக்கு லண்டனுக்குப் போனது. 1750-ல் லார்டு சான்சலர் ஹார்ட்விக், மையம் நியூகாசிலின் நடுவில், 12 மைல் என்பது ஆரமே என்று தீர்த்துவைத்தார். ஒரு சொல்லைக் கூடுதலாக எழுதியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய தகராறு அது.

தீர்ப்பு வந்ததும் அளக்கும் வேலை. டெலவேர் அமைந்துள்ள தீபகற்பத்தின் நடுப்புள்ளியிலிருந்து புறப்படும் கோடு, 80 மைலுக்கு மேல் ஓடி, வட்டத்தின் மேற்கு விளிம்பைத் தொட்டும் தொடாமலும் உரச வேண்டும். கணித வகுப்பில் தொடுகோடு வரைவது சுலபம். சதுப்பும் காடும் நிறைந்த நிலத்தில் அது உள்ளூர் அளவையாளர்களைத் திணறடித்தது. கடைசியில் இங்கிலாந்திலிருந்து சார்லஸ் மேசன், ஜெரமையா டிக்சன் இருவரையும் வரவழைத்தார்கள். 1761-ல் நன்னம்பிக்கை முனையில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை அளந்த வானியல் அனுபவம் அவர்களுக்கு உண்டு. 1763 முதல் 1767 வரை விண்மீன்களைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டார்கள். பிலடெல்பியாவின் தென்கோடிக்கு 15 மைல் தெற்கே அவர்கள் மேற்கு நோக்கி இழுத்த கோடுதான், பிற்காலத்தில் அடிமைமுறை மாநிலங்களையும் மற்றவற்றையும் பிரிக்கும் அடையாளமாகப் பேசப்பட்ட மேசன்–டிக்சன் கோடு.

இத்தனை துல்லியத்துக்கு நடுவிலும் ஓர் ஓட்டை விழுந்தது. மேரிலாந்தின் வடகிழக்கு மூலையும் வட்டத்தின் வில்லும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இடையில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு நிலம் மாட்டிக்கொண்டது. ஊரார் வைத்த பெயரும் ஆப்பு என்பதுதான். பரப்பு ஒரு சதுர மைலுக்குச் சற்றே அதிகம், 684 ஏக்கர். மேரிலாந்து எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆகவே மேரிலாந்து இல்லை. வட்டத்துக்கும் வெளியே இருக்கிறது. ஆகவே டெலவேர் இல்லை என்றது பென்சில்வேனியா. பென்சில்வேனியாவின் தெற்கெல்லையை நீட்டினால் அதற்கும் கீழேதான் இருக்கிறது. ஆகவே எங்களுடையது என்றது டெலவேர். பென் குடும்பம் இரு பக்கமும் ஆண்டவரை இது யாருக்கும் கவலையில்லை. 1776 ஜூனில் டெலவேர் தனியே பிரிந்த பிறகுதான் ஓட்டை பிரச்சினையானது. 1849-ல் ராணுவ அளவையாளர் கிரஹாம் மறு அளவை செய்தபோது அது எல்லார் கண்ணிலும் பட்டது. எந்த மாநிலத்துப் போலீஸ் வர வேண்டும் என்றே தெரியாத இடம் என்பதால் சட்டத்துக்குத் தப்ப நினைத்தவர்கள் அங்கே ஒதுங்கியதாகக் கதைகள் உண்டு.

1892-ல் மத்திய அளவைத் துறையின் ஹாட்ஜ்கின்ஸ் வில்லை மறுபடி அளக்க வந்தார். அவர் முன் இரண்டு வழிகள். நீதிமன்ற உச்சியிலிருந்து புதிதாக 12 மைல் அளந்து, கணிதம் மெச்சும் ஒரு வட்டத்தைப் போடலாம். அப்படிச் செய்தால் பல பண்ணைகள் ஒரே இரவில் மாநிலம் மாறும். பத்திரம், வரி, வாக்கு எல்லாம் கலையும். அல்லது, இரண்டு நூற்றாண்டாக எல்லை என்று ஊரார் ஏற்றுவந்த இடங்களை மதித்து அவற்றை ஒட்டியே போகலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். ஒரே ஆரம் எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தாததால், வேறு வேறு ஆரமுள்ள வளைவுகளை இணைத்துக் கோட்டை முடித்தார். ஆப்பு டெலவேரோடு சேர்ந்தது. பென்சில்வேனியா 1897-ல் ஒப்புக்கொண்டது. டெலவேர் 1921-ல்தான் கையெழுத்திட்டது. அதே ஆண்டு நாடாளுமன்றமும் ஒப்புதல் தந்தது. ஆக, உலகம் வியக்கும் அந்த வட்டம் கறாராகப் பார்த்தால் வட்டமே இல்லை. அப்படி இல்லாமல் போனதுதான் அதன் வெற்றி. வில்மிங்டன் நகருக்கு வடக்கே இன்று அந்தக் கோடு வீட்டுத் தோட்டங்களுக்கு நடுவிலும் பிராண்டிவைன் பள்ளத்தாக்கிலும் ஓசையில்லாமல் போகிறது. டெலவேரில் விற்பனை வரி கிடையாது. பென்சில்வேனியாவில் ஆறு சதவீதம். அதற்காகக் கோட்டைத் தாண்டிக் கடைக்கு வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

ஆற்றின் கதை வேறு. வட்டம் நிலத்தோடு நிற்கவில்லை. கிழக்கே ஆற்றையும் தாண்டிப் போகிறது. கோமகன் எழுதிக் கொடுத்ததில் வட்டத்துக்குள் அடங்கிய ஆறும் அதன் அடிமண்ணும் சேர்த்தி என்பது டெலவேரின் வாதம். வழக்கமாக இரு மாநிலங்களுக்கு நடுவே ஆறு ஓடினால் எல்லை அதன் நடுவில், கப்பல் செல்லும் ஆழமான பகுதியில் இருக்கும். இங்கேயோ எதிர்க்கரையான நியூ ஜெர்சியில் நீர் வற்றும் விளிம்பு வரை டெலவேர். நியூ ஜெர்சிக்காரர் தன் கரையில் நின்று கால் நனைத்தால் பக்கத்து மாநிலத்துக்குள் போய்விடுவார்.

1905-ல் இரு மாநிலங்களும் மீன்பிடி முதலான உரிமைகளைப் பற்றி உடன்பாடு செய்தன. எல்லை எது என்ற கேள்வியை மட்டும் வேண்டுமென்றே தொடாமல் விட்டன. அந்தத் தள்ளிப்போடலுக்கு விலை பின்னால் வந்தது. 1934-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி பெஞ்சமின் கார்டோஸோ எழுதிய தீர்ப்பு 1682 பத்திரத்தை உயிர்ப்பித்தது. பத்திரம் எழுதிய நாளில் கோமகனுக்கே அந்த நிலத்தில் சரியான உரிமை இருந்ததா என்பது சந்தேகம். 1683-ல்தான் அண்ணனிடமிருந்து முறையான சாசனம் பெற்றார். பின்னால் வந்த உரிமை முன்னால் கொடுத்த பத்திரத்தைச் சரிசெய்துவிடும் என்று நீதிமன்றம் சொன்னது. வட்டத்துக்குள் ஆறு முழுவதும் டெலவேருக்கு. வட்டத்துக்குத் தெற்கே கப்பல் தடம் எல்லை.

சட்டத்தின் கண்ணில் பிழை சொல்ல முடியாத தீர்ப்பு. நடைமுறையில் அது விட்டுச்சென்றது விசித்திரம். ஆற்றைத் தூர்வாரிய மண்ணை நியூ ஜெர்சிக் கரையோரம் கொட்டினார்கள். கொட்டிய மண் கரையோடு ஒட்டி நிலமானது. எல்லை மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. கில்கோஹூக் என்ற பகுதியும், செயற்கைத் தீவு என்றே பெயர் பெற்ற இடத்தின் ஒரு பகுதியும் இன்று நியூ ஜெர்சியோடு ஒட்டிக் கிடக்கும் டெலவேர் மண். டெலவேர் அதிகாரி ஒருவர் தன் மாநிலத்தின் அந்த மூலைக்குத் தரை வழியே போக வேண்டுமானால் பாலமேறி அடுத்த மாநிலத்துக்குள் நுழைந்துதான் போக வேண்டும்.

2000-களில் இது வேடிக்கையாக மட்டும் இல்லாமல் போனது. நியூ ஜெர்சியின் லோகன் பகுதியில் திரவ எரிவாயு முனையம் கட்ட பிபி நிறுவனம் திட்டமிட்டது. முனையம் நியூ ஜெர்சி நிலத்தில். கப்பல் அணையும் துறைமேடை டெலவேர் ஆற்றடியில். 1971-ல் இயற்றிய கடலோரப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி டெலவேர் அனுமதி மறுத்தது. டெலவேர் வங்கிகளில் உள்ள ஓய்வூதிய நிதியை எடுத்துவிடுவோம் என்று நியூ ஜெர்சி மிரட்டியது. எல்லையைக் காக்கத் தேசியக் காவல் படையை அழைக்கலாமா என்று டெலவேர் யோசித்தது. அருங்காட்சியகமாக நிற்கும் நியூ ஜெர்சி என்ற போர்க்கப்பலை மறுபடி பணிக்கு அழைக்க முடியுமா என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் விசாரித்ததை நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. 2008 மார்ச்சில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு டெலவேர் பக்கம் நின்றது. முனையம் வரவில்லை.

கடலோரத்தைக் காத்த அந்த மறுப்பு நல்லதா, வேலைவாய்ப்பு போனது நட்டமா என்பது தனி விவாதம். ஆனால் 21-ம் நூற்றாண்டின் எரிவாயுக் கொள்கையை 1682-ல் ஒரு கோமகன் எழுதிய பத்திரம் தீர்மானிக்க வேண்டிய அவசியம் இல்லை. வழக்குக்குப் போனால் நீதிபதி பத்திரத்தைத்தான் பார்ப்பார், பார்க்கத்தான் வேண்டும். இரு அரசுகள் உட்கார்ந்து பேசினால்தான் அங்கே வாழ்கிறவர்களின் வசதியைப் பார்க்க முடியும். ஆப்பு நிலத்துக்கு 1921-ல் கிடைத்த தீர்வு அப்படிப்பட்டது. கில்கோஹூக்குக்கும் செயற்கைத் தீவுக்கும் அதையே செய்யலாம். ஒட்டிய மண்ணை நியூ ஜெர்சி எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு ஈடாக டெலவேரின் கடலோர விதிகள் ஆற்றில் செல்லும் என்பதை நியூ ஜெர்சி எழுத்தில் ஏற்கட்டும். நாடாளுமன்ற ஒப்புதல் பெறுவது இரு மாநிலங்களுக்கும் புதிதல்ல. 1962 முதல் டெலவேர் ஆறு மற்றும் விரிகுடா ஆணையம் என்ற கூட்டு அமைப்பை நடத்தி, ஆற்றின் குறுக்கே செல்லும் நினைவுப் பாலத்தையும் கேப் மே–லூயிஸ் படகுப் போக்குவரத்தையும் சேர்ந்தே கவனித்து வருகின்றன. பேச்சு தொடங்குவதற்கான மேசை அங்கே ஏற்கெனவே போட்டிருக்கிறது.