நம் முதியோரை அறியாத கடிகாரம்

விழுந்தால் தானே பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்பும் கைக்கடிகாரங்கள் கோலாலம்பூர்க் கடைகளில் கிடைக்கின்றன. வயதான தாயைத் தனியே விட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்தக் கருவி யாருடைய உடலசைவைக் கொண்டு பயிற்சி பெற்றது என்பதை விற்பவர் சொல்வதில்லை. அதைக் கேட்டு வாங்குவது அரசின் கடமை.

இது மலேசிய இந்தியர்களான நம் சமூகத்தை நேராகத் தொடும் விஷயம். பெட்டாலிங் ஜெயா, லெம்பா பந்தாய் வட்டாரங்களில் 55 வயதைக் கடந்தவர்களிடம் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் விழுந்தவர்கள் மலாய்க்காரர்களில் சுமார் 16 விழுக்காடு, சீனர்களில் 19, இந்தியர்களில் ஏறத்தாழ 24. வயது, பாலினம், கல்வி முதலிய வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபோதும் இந்தியர்களே அதிகம் விழுந்தார்கள்.

இத்தகைய கருவிகள் ஓர் உணரியை மட்டும் நம்புவதில்லை. முடுக்கமானி அதிர்வை அளக்கிறது, சுழல்மானி உடல் சாய்வதை அறிகிறது, சிலவற்றில் காற்றழுத்த உணரி உயரம் குறைந்ததைக் காட்டுகிறது. சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தால் அதிர்வு உண்டு. ஆனால் உடல் தரைக்கு இறங்கவில்லை என்பதால் அது விழுதல் அல்ல என்று தள்ளிவிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் சன்னிதியில் ஒருவர் நெடுஞ்சாண்கிடையாக வணங்கும்போது உடல் சாய்கிறது, தரையைத் தொடுகிறது, சில நொடி அசையாமல் கிடக்கிறது. அத்தனை உணரிகளும் சேர்ந்தே பொய்ச்சாட்சி சொல்லக்கூடும். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைப்பவருக்கும் இதே கதிதான். மாறாக, கட்டில் ஓரத்திலிருந்து மெல்லச் சரியும் மூதாட்டியின் உடலில் பெரிய அதிர்வே இராது. ஓயாத பொய் எச்சரிக்கையில் சலித்துக் கடிகாரத்தைக் கழற்றி வைப்பதோடு முதல் பிழை முடிந்துவிடும்; இரண்டாவது பிழையிலோ அவர் மணிக்கணக்கில் தரையிலேயே கிடக்க நேரும்.

உடலசைவை அறியக் கருவிகளைப் பயிற்றுவிப்பதில் மிகுதியாகப் பயன்படும் தரவுத் தொகுப்புகளில் ஒன்று, இத்தாலியின் ஜெனோவாவில் உருவானது. இடுப்பில் கைப்பேசியைக் கட்டிக்கொண்டு நடந்தும் படுத்தும் காட்டியவர்கள் 30 பேர். வயது 19 முதல் 48 வரை. விழுதலை அறியவென்றே கொலம்பியாவில் தொகுத்து 2017இல் வெளியிட்ட ‘சிஸ்ஃபால்’ தொகுப்பில் 15 முதியவர்கள் உண்டு. அவர்களில் விழுந்து காட்டியவர் ஒருவரே. அவரும் ஜூடோ பயின்றவர்! முதியவர்களை விழச் சொல்ல முடியாதுதான். ஆகவே அவர்கள் அன்றாடம் எப்படித் தரையில் சம்மணமிட்டு அமர்கிறார்கள், கையூன்றி எழுகிறார்கள், கும்பிடுகிறார்கள் என்பதையாவது பதிவு செய்தாக வேண்டும்.

சுகாதார அமைச்சு பொதுப் பணத்தில் இத்தகைய கருவிகளை வாங்குமுன், இந்நாட்டு முதியவர்களிடம் சோதித்த முடிவுகளை இனவாரியாக விற்பவர் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை விதிக்க வேண்டும். அதனால் தாமதமாகும் என்பார்கள். கடையில் வாங்குவோரை நாம் தடுக்கச் சொல்லவில்லையே. மலாயாப் பல்கலைக்கழகத்திலும், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் முதுமை ஆய்வுக் கழகத்திலும் இதற்கான அறிவு இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கோயில் நிர்வாகங்கள் மனம் வைத்தால் ஆய்வுக்கு முதியவர்களும் கிடைப்பார்கள்.

அந்தரங்கத்தையும் காக்க வேண்டும். முதியவர் இரவில் எத்தனை முறை கழிப்பறைக்குப் போனார் என்பது வரை இந்தக் கருவிகளின் பதிவுகள் காட்டிக்கொடுத்துவிடும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. ஆகவே முதியவரின் ஒப்புதலையும், பதிவை அழிக்கச் சொல்லும் உரிமையையும் அரசு மருத்துவமனைகளுக்கான தனி விதியாகவே எழுத வேண்டும். அதுவும் முதல் கருவியை வாங்குவதற்கு முன்பே.