அலிப்பூருக்கு ஒரு முழு நாள்

கொல்கத்தா போகிறவர்கள் அலிப்பூரில் உயிரியல் பூங்காவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 1876இல் திறந்த பூங்கா, குழந்தைகள் உடனிருந்தால் போகத்தான் வேண்டும். ஆனால் பக்கத்திலேயே பெல்வெடர் மாளிகை இருக்கிறதே! வங்காளத்தின் துணைநிலை ஆளுநர்கள் குடியிருந்த அந்த வளாகத்தில்தான் 1953இல் தேசிய நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தமிழுக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. பிறகு, 2022இல் அருங்காட்சியகமாக மாறிய பழைய அலிப்பூர் சிறைக்குப் போங்கள். நேருவும் சுபாஷ் சந்திர போஸும் அடைபட்டிருந்த அறைகளின் முன் அவசரமில்லாமல் நில்லுங்கள். அலிப்பூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரு தொடர்பு உண்டு: அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் ஓராண்டு சிறையிலிருந்து 1909இல் விடுதலையான அரவிந்தர், அடுத்த ஆண்டே புதுச்சேரிக்கு வந்துசேர்ந்தார். அங்குள்ள அவரது ஆசிரமத்துக்குப் போய்வந்த ஒவ்வொரு தமிழரும் அலிப்பூரையும் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.