கம்பிவலை கற்பித்த பாடம்

சென்ற பொங்கல் விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் நம் மன்றத்தில் நடந்த சொற்போரை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'ஆண்டெனா' என்பதற்குத் தகுந்த தமிழ்ச் சொல் எது என்பதுதான் வழக்கு. அலைவாங்கி என்றார் ஒருவர். வாங்குவது மட்டுமா, அனுப்புவதும் அதுதானே என்று மடக்கினார் மற்றொருவர். உணர்கொம்பு என்றார் மூன்றாமவர். "கொம்பு மாட்டுக்கல்லவா இருக்கும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. தேநீரும் ஆறிப்போயிற்று. தீர்ப்பு மட்டும் கிடைக்கவில்லை.

கலைந்து செல்லும்போது ஊடகவியல் துறை மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "அண்ணா, பெயர் எதுவானாலும் இருக்கட்டும். அது எப்படி வேலை செய்கிறது? நீங்கள் அதில்தானே ஆராய்ச்சி செய்கிறீர்கள்?" என்று கேட்டாள். "அதெல்லாம் கணக்கம்மா, உனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவளுக்குப் புரியாது என்பது உண்மையன்று. எனக்குச் சொல்லத் தெரியாது என்பதே உண்மை. பௌதிகத் துறையில் நான்கு ஆண்டுகளாக அலைகளோடு பழகுகிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் என் தாயார், "என்னடா படிக்கிறாய்?" என்று கேட்பார். "பெரிய படிப்பம்மா" என்று சொல்லித் தப்பித்து வருகிறேன். தப்பித்தது போதும் என்று அன்று தோன்றியது.

மறுவாரம் வெட்கத்தை விட்டு அந்தத் தங்கையிடம், "நீ எதைப் பற்றி ஆராய்கிறாய்?" என்று கேட்டேன். 'சைட்' என்றாள். செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி காட்டிய சோதனை அது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் 'சைட்' என்பர். அவள் சொல்லச் சொல்லத்தான், அவளுடைய ஆராய்ச்சியும் என்னுடைய ஆராய்ச்சியும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள் என்பது எனக்கு விளங்கிற்று.

1969இல் நம் நாட்டு அணுசக்தித் துறையும் அமெரிக்காவின் நாசாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பின்னிருந்த பெருங்கனவு விக்ரம் சாராபாயினுடையது. அவர் 1971 டிசம்பரில் மறைந்தார், கனவு மறையவில்லை. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோளை நம் நாடு ஓராண்டு இரவல் பெற்றது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. நாள்தோறும் நான்கு மணி நேரம் நிகழ்ச்சிகள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு; மாலையில் ஊராருக்கு உழவும் உடல்நலமும் பிறவும். தமிழகம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பாடமும் நமக்கில்லை என்றாகிவிடுமா?

முதலில் என் துறையிலிருந்து தொடங்குகிறேன். அந்தச் செயற்கைக்கோள் நிலவுலகிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்றது. அவ்வளவு தொலைவிலிருந்து வரும் அலை மிக மெலிந்துதான் வந்து சேரும். அதைப் பிடிக்க ஒவ்வோர் ஊரிலும் மாபெரும் நிலையம் கட்டுவதென்றால் எந்தக் கஜானாவும் தாங்காது. ஆகவே செலவை வானத்துக்கு ஏற்றினார்கள். செயற்கைக்கோளிலேயே ஏறத்தாழ 9 மீட்டர் அகலமுள்ள விரிகுடை போன்ற ஆண்டெனா இருந்தது. அது அலைகளைச் சிதறவிடாமல் குவித்து நம் நாட்டின்மேல் பாய்ச்சிற்று. ஆகவே கிராமத்துக்கு 3 மீட்டர் அகலக் கிண்ணம் ஒன்றே போதுமானதாயிற்று.

அந்தக் கிண்ணத்தை எதனால் செய்தார்கள் தெரியுமா? கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையால்! ஓட்டை வலையில் அலை ஒழுகிப் போகாதா என்று கேட்கத் தோன்றும். போகாது. 860 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு விரல் நுழையும் துளை துளையாகவே தெரியாது. வலை முழுவதும் ஒரு சுவராகத்தான் தெரியும். ஆனால் காற்று அந்தத் துளைகளின் வழியே போய்விடும். ஆகவே புயலில் சாயாது, கனமும் குறைவு, விலையும் குறைவு. மன்றத்தில் அன்று கேட்ட கேள்விக்கு விடையில் பாதி இதுதான், தங்கையே. இதில் எனக்குப் புரியாத கணக்கு உண்டு. உனக்குப் புரியாத பொருள் ஒன்றுமில்லை.

பொறியியல் நண்பர்களின் பங்கு இன்னும் சுவையானது. ஒரு படத்தோடு இரண்டு ஒலித்தடங்களை அனுப்ப வகை செய்திருந்தார்கள். ஒரே காட்சியை ஆந்திரக் கிராமம் தெலுங்கிலும் கர்நாடகக் கிராமம் கன்னடத்திலும் கேட்டன. மக்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்னும் கேள்வி மின்சுற்றுக்குள்ளேயே புகுந்து விடை பெற்றுவிட்டது. மொழிப்பற்றுள்ள நாம் மேடையில் முழங்குவதோடு, இத்தகைய சுற்றுகளையும் வரைய வேண்டாமா?

மூன்றாவது பங்கு ஊடகவியலாரும் சமூகவியலாரும் செய்தது. நான் அறியாதிருந்தது இதைத்தான். பெட்டியை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று அவர்கள் திரும்பிவிடவில்லை. ஒளிபரப்புக்கு முன்னும், நடுவிலும், பின்னும் மக்களைக் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். மானிடவியல் கற்றவர்கள் சில கிராமங்களிலேயே குடியிருந்து, யார் வந்து பார்க்கிறார்கள், யார் வருவதில்லை, பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய் என்ன பேசுகிறார்கள் என்று குறித்து வந்தார்கள். பம்பாயில் விஞ்ஞானிகளும் தயாரிப்பாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து பிள்ளைகளுக்கான விஞ்ஞான நிகழ்ச்சிகளை அமைத்தார்கள். அதே 1975இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பீஜ் என்னும் ஊரில் ஒரு சிறிய ஒளிபரப்பி நிறுவப்பட்டது. அங்கே ஊராரே எழுதினர், ஊராரே நடித்தனர், கூலியைப் பற்றியும் தீண்டாமையைப் பற்றியும் பேசினர்.

எல்லாம் வெற்றி என்று நான் புகழ்பாட வரவில்லை. 1976 ஜூலையோடு இரவல் கோள் போய்விட்டது. நமக்கென்று நிலைத்து நின்று பணிசெய்த இன்சாட்-1பி விண்ணேறியது 1983இல்தான். அதற்கு முன்பே, 1982 ஆகஸ்டில், தில்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பு தொடங்கியிருந்தது. 1984இல் ஒளிபரப்பிகள் நாடெங்கும் பெருகின. கருவி பெருகிய வேகத்தில், கிராமத்தில் குடியிருந்து கேட்கும் அந்த ஆராய்ச்சி பெருகவில்லை என்பது என் கருத்து. இயந்திரம் முன்னே ஓடிற்று. மனிதனைக் கேட்கும் வேலை பின்தங்கிற்று. மூன்று மாடு பூட்டிய வண்டியில் ஒன்று மட்டும் பாய்ந்தால் வண்டி எங்கே போகும்?

"ஆராய்ச்சி என்றால் ஆழம் வேண்டும். எல்லாரும் எல்லாவற்றையும் பேசினால் நுனிப்புல் மேய்ந்த கதையாகிவிடும்" என்று என் துறை நண்பர் ஒருவர் வாதிட்டார். ஆழம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கிணறு ஆழமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கயிறும் வாளியும் இல்லாத ஆழ்கிணற்றால் தாகம் தீருமா? அடுத்த துறைக்காரனுக்கு விளங்கச் சொல்லும் ஆற்றல்தான் அந்தக் கயிறு. நம்மில் பலரும் கிணற்றை மட்டும் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

கலைச்சொல் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. பொருள் முன்னே செல்லட்டும். சொல் பின்னே வரட்டும் என்கிறேன். ஒரு பொருளைப் பத்துப் பேருக்கு விளக்கிப் பார்த்தவன் வாயில் நல்ல சொல் தானே பிறக்கும். அதுவரை ஆண்டெனா என்றே சொல்வோம். தமிழன்னை கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இந்தப் பல்கலைக்கழகத்தில் பௌதிக மாணவரும் பொறியியல் மாணவரும் ஊடகவியல் மாணவரும் ஒரே பாயில் அமரும் இடம் எது? எனக்குத் தெரிந்து நம் மன்றம் ஒன்றுதான். துறைக் கட்டடங்களுக்கு இடையே மதிலுண்டு. நம் பாய்க்கு மதிலில்லை. பிறந்த ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்ததனால் நமக்குக் கிடைத்த பேறு இது. இதைப் பொங்கலுக்கும் நாடகத்துக்கும் மட்டும் பயன்படுத்துவது போதுமா?

ஆகவே மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். மாதம் ஒரு மாலை, மூன்று துறைகளிலிருந்து மூவர் தத்தம் ஆராய்ச்சியை ஆளுக்குப் பதினைந்து நிமிடம் தமிழில் சொல்லட்டும். கேள்வி கேட்கும் உரிமை பிற துறையாருக்கே முதலில் இருக்கட்டும். கேட்டவர்களுக்கு விளங்கவில்லையென்றால் குற்றம் கேட்டவருடையதன்று. சொன்னவர் அடுத்த மாதம் மீண்டும் வந்து சொல்லட்டும். விளங்கிய உரைகளை இந்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி அச்சிடலாம்.

முதல் மாலைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மூன்று முழம் கம்பிவலையோடு வருகிறேன். அந்தத் தங்கை முன்வரிசையில் அமர்ந்து தன் கேள்வியை மீண்டும் கேட்க வேண்டும். அவளுக்கு விளங்குமாறு சொல்லிவிட்டேனானால், விடுமுறையில் ஊருக்குப் போகும்போது என் தாயாருக்கும் ஒரு விடை கொண்டுபோவேன்.