கான்ஸ்டன்டைனுக்கு முன்பே வேரூன்றிய திருச்சபை

ரோமப் பேரரசில் கிறித்தவம் பரவியது கான்ஸ்டன்டைனின் ஆணையால்தான் என்னும் கூற்று பொது அறிவு நூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்டது. கி.பி. 312-இல் மில்வியப் பாலத்துப் போரில் அவர் வென்றார், மறு ஆண்டே ஆணையிட்டார், பேரரசு மதம் மாறியது என்று மூன்று நூற்றாண்டு வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடும் இக்கூற்று காலவரிசைக்கும் ஆவணங்களுக்கும் முரணானது.

முதலாவது, அந்த ஆணையின் உள்ளடக்கம். 313-இல் மிலானில் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் செய்துகொண்ட உடன்பாடு எவரையும் மதம் மாறச் சொல்லவில்லை. கிறித்தவர் உட்பட அனைவரும் தாம் விரும்பும் வழிபாட்டைப் பின்பற்றலாம் என்றது. பறிமுதல் செய்யப்பட்ட கிறித்தவச் சொத்துகளைத் திருப்பிக் கொடுக்கவும் சொன்னது. திருப்பிக் கொடுக்கச் சொத்து இருந்ததென்றால், அதை முன்பே வைத்திருந்த சபைகளும் இருந்தன. கிறித்தவத்தை அரசு மதமாக்கிய தெசலோனிக்கா ஆணை தியோடோசியஸ் காலத்தில், 380-இல் வந்தது. அப்போது கான்ஸ்டன்டைன் இறந்து 43 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரண்டாவது, அடிமைகளும் ஏழைகளும் மட்டுமே சேர்ந்திருந்த மதம், அரசன் கைகொடுக்காவிட்டால் அழிந்திருக்கும் என்பது. எல்லா வயதினரும் எல்லாத் தரத்தினரும் ஆண், பெண் இருபாலரும் அதில் இருப்பதாக ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் ஒன்றே இதை மறுக்கப் போதும்.

மூன்றாவது, 312-க்கு முன் கிறித்தவர் கணக்கில் கொள்ளத்தக்க அளவில் இல்லை என்பது. கான்ஸ்டன்டைன் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. இதைத் தகர்க்கும் சான்றுகளில் வலிமையானவை கிறித்தவரை ஒடுக்கியவர்களே விட்டுச்சென்றவை. பிளினியின் கடிதம் சுமார் 112-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்றைய துருக்கியின் வடகரையில் இருந்த பித்தினியா-பொந்துஸ் மாகாணத்தில், நகரங்களைத் தாண்டிச் சிற்றூர்களுக்கும் நாட்டுப்புறத்துக்கும் இந்த நம்பிக்கை பரவியதாக அவர் முறையிடுகிறார். கோயில்கள் ஏறத்தாழ வெறிச்சோடியிருந்தன, பலியிட்ட இறைச்சியை வாங்க ஆள் கிடைப்பது அரிதாக இருந்தது என்றும் எழுதுகிறார். கான்ஸ்டன்டைன் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்திய நிலை இது.

ரோம் நகரிலேயே, 251-ஆம் ஆண்டளவில் ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதம் 46 குருக்களையும் 7 திருத்தொண்டர்களையும் குறிப்பிடுகிறது. கைம்பெண்களும் வறியவருமாக 1,500-க்கும் மேற்பட்டோரைச் சபை பராமரித்து வந்ததாகவும் கூறுகிறது. 256-இல் கார்த்தேஜில் கூடிய சங்கத்தில் 87 ஆயர்கள் கருத்துரைத்தனர். இத்தனைக்கும், தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறுமாறு பேரரசர் டெசியஸ் மக்கள் அனைவருக்கும் ஆணையிட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

303-இல் டயோக்ளீஷியனின் அடக்குமுறை, நிக்கோமீடியாவில் அரண்மனையிலிருந்து பார்த்தால் தெரியும்படி நின்ற தேவாலயத்தை இடிப்பதில் தொடங்கியது. தலைநகரில், பேரரசரின் கண்ணெதிரே கோயில் எழுப்பும் அளவுக்குச் சபை வளர்ந்திருந்தது. எட்டாண்டுக் கொடுமைக்குப் பின், அதை முன்னின்று நடத்திய கலேரியஸ் 311-இல் தோல்வியை ஒப்புக்கொண்டார். கிறித்தவர் மீண்டும் கூடலாம் என்று அனுமதித்ததோடு, பேரரசின் நலனுக்காகவும் தம் நலனுக்காகவும் அவர்கள் தம் கடவுளை வேண்ட வேண்டும் என்றும் ஆணை பிறப்பித்தார். மில்வியப் பாலத்துப் போருக்கு ஓராண்டு முன்னரே, அழிக்க முனைந்த அரசு அழிக்க முடியாது என்று எழுதிக்கொடுத்துவிட்டது.

நான்காவது, அரச ஆதரவு இல்லாமல் இவ்வளவு வளர்ச்சி எப்படி என்னும் கேள்வி. பவுல் சுமார் 57-இல் ரோமர்களுக்கு எழுதிய மடலின் இறுதியில் வாழ்த்தும் பெயர்களில் பல பெண்களுடையவை. வீடுகளில் கூடிய சபைகளையும் அம்மடல் காட்டுகிறது. பழைய தெய்வங்களை மீட்க முனைந்த பேரரசர் ஜூலியன், தம் பூசாரிகள் ஏழைகளைக் கைவிட்டதைக் கண்டுதான் கிறித்தவர் அறப்பணியைக் கைக்கொண்டனர் என்று வருந்தி எழுதினார். வீடு, உறவு, வறியோர் பராமரிப்பு ஆகிய வழிகளில் பரவிய நம்பிக்கைக்குக் கான்ஸ்டன்டைன் தந்தது பாதுகாப்பும் பொருளுதவியும். அவர் வந்து சேர்ந்தபோது திருச்சபை ஏற்கெனவே பேரரசெங்கும் நிலைபெற்றிருந்தது.